கண்ணாடித் தொட்டியில் யாரும் பிறப்பதில்லை: ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

உங்கள் அறிவியல் புனைகதைப் போட்டியின் அறிவிப்பை நேற்று படித்தேன். மனித குளோனிங்தான் கரு, பின்னணியில் ஓர் அரசாங்கச் சதி, விறுவிறுப்பு குறையக் கூடாது. அதுவரை சரி. ஐந்தாவது விதியிலிருந்து ஒன்பதாவது வரை வந்தபோதுதான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நகல் மனிதன் முதல் கால்பகுதிக் கதைக்குள் முழு வளர்ச்சி அடைந்திருக்க வேண்டும். அசல் மனிதரின் நினைவுகள் அவனுக்கு இருக்க வேண்டும். மருத்துவ விவரங்கள் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சதியைக் கண்டுபிடிப்பவர் ஆயுதப் பயிற்சி உள்ளவராக இருப்பது நல்லது. முடிவில் நகல் அழிவது விரும்பத்தக்கது.

இந்த ஐந்தும் எனக்குப் புதிதல்ல. என் நாவலை ஒன்பது மாதம் வைத்திருந்துவிட்டு, மாற்ற வேண்டியவை என்று நீங்கள் அனுப்பிய கடிதத்தில் இருந்தவைதான். மாற்ற இயலாது என்று காரணங்களோடு பதில் எழுதினேன். அதற்கு இன்றுவரை மறுமொழி இல்லை. பிரதியும் திரும்பி வரவில்லை. அது எனக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள விஷயம் என்று விட்டுவிட்டேன். இப்போது அதே நிபந்தனைகளை இந்த வகையில் எழுத வரும் எல்லோருக்கும் விதியாக்கியிருக்கிறீர்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகளாகக் கருத்தரிப்பு ஆய்வகத்தில் எம்ப்ரியாலஜிஸ்டாக, அதாவது முட்டைகளையும் கருக்களையும் கையாளும் கருவியலாளராக, வேலை பார்க்கிறேன். குளோனிங் செய்ததில்லை, மனிதரைக் குளோன் செய்து பிறக்க வைத்ததை இதுவரை யாரும் நிரூபித்ததும் இல்லை. 2002 டிசம்பரில் குளோனெய்ட் என்ற நிறுவனம் ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டதாக அறிவித்தது, ஆதாரம் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆனால் குளோனிங் செய்பவர்களின் மேசையும் என் மேசையும் பங்காளிகள். அதே நுண்ணோக்கி, கருமுட்டையைப் பிடித்து நிறுத்த அதே பைப்பெட் என்ற மெல்லிய கண்ணாடி உறிஞ்சுகுழல். நான் முட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்துகிறேன். அவர்கள் முட்டையின் உட்கருப் பொருளை உறிஞ்சி எடுத்துவிட்டு, வளர்ந்த உடலின் ஒரு செல்லை அங்கே வைத்து, சின்ன மின் அதிர்வு கொடுத்து இணைய வைக்கிறார்கள். மனித முட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். முதல் ஆறு மாதம் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வேலை பார்த்தேன், என் மூச்சில் முட்டை உடைந்துவிடும் என்பதுபோல.

அப்படி இணைந்த முட்டையிலிருந்து வருவது ஒரு கரு, அவ்வளவுதான். அதை ஒரு கருப்பைக்குள் வைக்க வேண்டும். 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில் டாலி என்ற குளோன் ஆடு பிறந்தபோது, அவளுக்குச் செல் கொடுத்த ஆட்டுக்கு ஆறு வயது. டாலிக்கு வயது பூஜ்யம். கால் தடுமாறி எழுந்து நின்ற ஆட்டுக்குட்டிதான் அவள். குளோன் என்றாலே குழந்தைதான். முப்பது வயது அமைச்சருக்கு இன்று நகல் எடுத்தால் அந்த நகல் முப்பது வயதாகும்போது, சுமந்த மாதங்களையும் சேர்த்து அமைச்சருக்கு ஏறக்குறைய அறுபத்தொன்று.

இதைச் சொன்னால் விறுவிறுப்பு போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். என் நாவலின் விறுவிறுப்பே அதில்தான் இருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு தேர்தல் நடக்கும் நாட்டில், இருபது ஆண்டு காத்திருக்க வேண்டிய ஒரு சதியை யார் காப்பாற்றுவது? தொடங்கிய அதிகாரி ஓய்வு பெறுகிறார். அடுத்து வருபவருக்கு அது என்ன கோப்பு என்றே தெரியாது, நிறுத்தினால் தன் தலை உருளுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறார். மூன்றாமவர் அதை ஒரு குழந்தைகள் நலத்திட்டம் என்றே நம்புகிறார். அந்தத் தொடர்ச்சியை எழுதத்தான் எனக்கு இரண்டு வருடம் ஆனது. நீங்கள் அதை அடித்துவிட்டு, நகல் கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே முழு ஆளாக வளர்வதாக "தொட்டியில் நாற்பது நாள்" என்று எழுதச் சொன்னீர்கள்.

நினைவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மரபணு மூளையைக் கட்ட உதவும், அதில் நடந்ததை எழுதி வைக்காது. உருவமே அப்படியே வருவதில்லை என்பதற்கு டெக்சஸில் 2001 டிசம்பரில் பிறந்த சிசி என்ற குளோன் பூனை போதும். செல் கொடுத்த ரெயின்போ மூன்று நிறப் பூனை. சிசியின் மேலோ ஆரஞ்சு நிறம் மருந்துக்கும் இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும். ரெயின்போவிடமிருந்து எடுத்த செல்லில் ஆரஞ்சைத் தாங்கிய குரோமோசோம் அணைந்தே இருந்தது. ஒட்டிப் பிறந்தது போலத் திரியும் ஒரே முட்டை இரட்டையர், எந்தக் குளோனையும்விட ஒருவருக்கொருவர் நெருக்கம், ஏனென்றால் அவர்களுக்கு முட்டையும் கருப்பையும் காலமும் ஒன்று. அவர்களில் ஒருவர் பரீட்சைக்குப் படித்தால் மற்றவருக்கு மார்க் வருவதில்லை.

ஏழாவது விதிக்கு வருகிறேன், என் கோபமே அங்கேதான். "மருத்துவ விவரங்கள் இரண்டு பக்கம்."

என் நாவலில் கருமுட்டை கொடுத்த பெண்களுக்கு ஒன்பது அத்தியாயம் இருந்தது. அதை இரண்டு பக்கமாகச் சுருக்கச் சொன்னீர்கள். நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறாள். வயிறு உப்புகிறது, எரிச்சல் வருகிறது, சிலருக்கு சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. கடைசி ஊசிக்கு நேரம் குறித்துக் கொடுப்போம். சுமார் 36 மணி நேரம் கழித்து மயக்க மருந்து கொடுத்து, யோனிச் சுவர் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். அடுத்த அறையில் நான் குழாய்களை வாங்கித் தட்டில் ஊற்றி, ஒவ்வொன்றாகத் தேடி எண்ணிக்கையை உரக்கச் சொல்வேன். எட்டு, பத்து, நல்ல நாளில் பதினைந்து. மயக்கம் தெளிந்ததும் அநேகமாக எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை?" என்பதுதான். வலிக்கிறது என்பதை அப்புறம்தான் சொல்வார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டாலிக்காக இணைக்கப்பட்ட முட்டைகள் 277. அவற்றில் கருவாகி வளர்ந்தவை 29. அவற்றைச் சுமந்த ஆடுகள் 13. பிறந்தது ஒன்று. 2005-ல் தென் கொரியாவில் பிறந்த ஸ்னப்பி என்ற நாய்க்காக 1,095 கருக்களை 123 நாய்களுக்குள் வைத்தார்கள். இரண்டு குட்டி பிறந்து ஒன்று தங்கியது. 2018-ல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட இரண்டு குரங்குக் குட்டிகளுக்கு 79 கருக்கள், 21 வாடகைத்தாய்க் குரங்குகள். டாலியின் கணக்கையே மனிதருக்குப் போட்டாலும், ஆளுக்குப் பத்து முட்டை வீதம் இருபத்தெட்டுப் பெண்கள் ஊசி போட்டுப் படுக்க வேண்டும். இன்னும் பதின்மூன்று பெண்கள் சுமக்க வேண்டும். கலைந்தவை, குறையோடு பிறந்து சில நாளில் போனவை வேறு. ஓர் அரசாங்கம் நகல் மனிதனை ரகசியமாக உருவாக்குகிறது என்றால் அந்த நாற்பத்தொரு பெண்களை அது எங்கிருந்து கொண்டுவந்தது, என்ன சொல்லி அழைத்தது, பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? திரில்லர் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடைக்குமா? தொட்டியை வைத்ததும் இந்தப் பெண்கள் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். சதிகாரர்கள் செய்ய நினைத்ததை எழுத்தாளரே செய்து கொடுத்துவிடுகிறார்.

இது என் கற்பனை என்று தள்ள முடியாது. ஸ்னப்பியை உருவாக்கிய அதே குழுவின் தலைவர் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவைக் குளோன் செய்து தண்டுச் செல்கள் (உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள்) எடுத்துவிட்டதாக 2004-லும் 2005-லும் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார். நாடே கொண்டாடியது. அரசு அவருக்கு 'உச்ச விஞ்ஞானி' பட்டம் கொடுத்தது, அஞ்சல் தலை வெளியிட்டது. அப்புறம் தெரிந்தது, தண்டுச் செல் தரவுகள் புனைந்தவை என்பது. 2006 ஜனவரியில் இரண்டு கட்டுரைகளையும் இதழ் திரும்பப் பெற்றது. தரவுகள் பொய், ஆனால் முட்டைகள் பொய்யல்ல. 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகளைப் பெண்களிடமிருந்து எடுத்திருந்தார்கள். கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை செய்த இளம் பெண்களும் உண்டு. மேலதிகாரி கேட்டால் இல்லை என்று சொல்வது எத்தனை கடினம் என்று ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியோடு காவலர்களும் பாதாள அறையும் அங்கே தேவைப்படவில்லை. அரசாங்கம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது, அது போதுமானதாக இருந்தது. சந்தேகம் எழுப்பிய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மேல்தான் மக்கள் பாய்ந்தார்கள், விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டார்கள்.

சதியைக் கண்டுபிடிப்பவர் பற்றியும் நமக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. என் நாவலில் அதைக் கண்டுபிடிப்பவர் கணக்குப் பிரிவு ஊழியர், ஐம்பத்திரண்டு வயது, முட்டி வலி. அவரை முன்னாள் கமாண்டோவாக மாற்றச் சொன்னீர்கள். அவர் எனக்கு எப்படிக் கிடைத்தார் என்று சொல்கிறேன்.

கருக்களைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், வைத்திருப்போம். நைட்ரஜன் தானாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், அடிக்கடி ஊற்ற வேண்டும். ஒருமுறை கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். "மேடம், இந்த மாசம் நைட்ரஜன் பில் முக்கால்வாசி ஏறியிருக்கே, புதுசா டேங்க் வாங்கினீங்களா?" வாங்கவில்லை. ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாக ஊற்றியிருந்தோம், யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு டேங்கின் வெற்றிடச் சுவர் பழுதாகிக்கொண்டிருந்தது. அன்றிரவே உள்ளே இருந்தவற்றை வேறு டேங்குக்கு மாற்றினோம். வெப்பநிலை அலாரம் ஒலிக்கவில்லை, நுண்ணோக்கியோடு படுத்து எழும் எங்களுக்கும் தெரியவில்லை. பில்லைப் பார்த்தவருக்குத் தெரிந்தது. அன்றைக்கே அவரை நாயகனாக்க முடிவு செய்துவிட்டேன்.

வரலாறும் அவர் பக்கம்தான். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ 1953-ல் எம்கே-அல்ட்ரா என்ற பெயரில் மனதைக் கட்டுப்படுத்தும் சோதனைகளைத் தொடங்கியது. விவரம் தெரியாத மனிதர்களுக்கு எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கொடுத்தார்கள். 1973-ல் அதன் இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்க உத்தரவிட்டார், அழித்தார்கள். 1977-ல் சுமார் 20,000 ஆவணங்கள் வெளியே வந்தன. அவை எப்படித் தப்பின தெரியுமா? நிதி ஆவணங்கள் வைக்கும் இடத்தில் இருந்தன, அழிக்க வந்தவர்கள் அங்கே தேடவில்லை. உலகமே பேசும் ஒரு சதியில் மிஞ்சிய சாட்சி பெரும்பாலும் செலவுக் கணக்கு. அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊரில் நடந்தது இன்னும் மோசம். 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தருவதாகப் போக்குக் காட்டிவிட்டு, பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முடிவுகளை மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாகவே வெளியிட்டார்கள். மறைக்கக்கூட இல்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற துறை ஊழியர் பல ஆண்டு மேலிடத்துக்கு எழுதிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பத்திரிகைக்குச் சொன்னார். அவர் வேலை நோயாளிகளைப் பேட்டி காண்பது. கமாண்டோ அல்ல.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. பைப்பெட் நுனியை எப்படி வளைப்பது என்பதற்கெல்லாம் நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அதை வெட்டச் சொன்னீர்கள், வெட்டிவிட்டேன், நாவல் தேறியது. நன்றாக எழுதினால் தொட்டிக் கதையையும் விடிய விடியப் படிக்கிற ஆள்தான் நான். தொட்டி வேண்டும் என்கிற எழுத்தாளர் வைத்துக்கொள்ளட்டும். அது வேண்டாம் என்கிறவரைப் போட்டியிலேயே சேர்க்காத விதியைத்தான் எதிர்க்கிறேன்.

கதைதானே, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். என் அறைக்கு வருகிறவர்கள் பயத்தைக் கதைகளிலிருந்துதான் எடுத்து வருகிறார்கள். "மிச்சமிருக்கிற கருவை வைத்து என்னை மாதிரியே ஒருத்தியைச் செய்துவிடுவீர்களா?" என்று ஒரு பெண் உண்மையிலேயே நடுக்கத்தோடு கேட்டார். செய்ய முடியாது, அந்தக் கரு உங்கள் நகலே அல்ல, உங்கள் பிள்ளை என்று விளக்கினேன். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். மிச்சக் கருக்களை என்ன செய்யலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா, எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று கேட்கும் பக்கத்தில் படிக்காமலேயே போட்டார். அவர் பயப்பட வேண்டியது ஏதாவது இருந்தால் அது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்தி, மறுபடி படிக்க வைத்தேன்.

இன்னொரு தாய் தன் பதினொரு வயது மகளைப் பற்றிச் சொன்னார். ஆய்வகத்தில் கருவாகிப் பிறந்த பிள்ளை. வகுப்பில் யாரோ ஒரு கதையைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் ஒரிஜினல்தானே?" என்று கேட்டிருக்கிறாள். 1978-ல் முதல் பிள்ளை பிறந்ததிலிருந்து 'சோதனைக் குழாய் குழந்தை' என்ற பெயரை இந்தப் பிள்ளைகள் சுமக்கிறார்கள், ஒருவரும் குழாயில் வளர்ந்ததில்லை. நாளைக்கு உண்மையாகவே ஒரு குளோன் குழந்தை பிறந்தால், அவளுக்கு நீங்கள் தயார் செய்து வைத்திருக்கும் வரவேற்பு உங்கள் ஒன்பதாவது விதி: முடிவில் நகல் அழிவது விரும்பத்தக்கது. என் நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்தச் சிறுமி பள்ளியில் சேர்கிறாள். விண்ணப்பத்தில் தாய் பெயர் என்ற இடத்தில் யாரை எழுதுவது? முட்டை கொடுத்தவரா, சுமந்தவரா, செல் கொடுத்தவரா? மரபணுவைக் கேட்டால் செல் கொடுத்தவரின் அம்மாவைத்தான் காட்டும். கணக்குப் பிரிவுக்காரர் பேனாவை மூடிவிட்டு அவளிடமே கேட்கிறார். அதற்குப் பக்கத்தில் நீங்கள் பென்சிலால் "இவளை இங்கே கொன்றுவிடலாம்" என்று எழுதி, அந்தப் பக்கத்தின் நகலைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. ஐந்து முதல் ஒன்பது வரையான விதிகளை நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால் அவை கட்டாயம் அல்ல என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். குறிப்பாக ஏழாவதையும் ஒன்பதாவதையும் எந்த வடிவத்திலும் வைத்திருக்க வேண்டாம். பழைய விதிகளுக்காகத் தங்கள் கதையை வளைத்துவிட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் திருத்தி அனுப்பக் கடைசித் தேதியை இரண்டு மாதமாவது தள்ளிவையுங்கள். நடுவர் குழுவில் ஆய்வக வேலை தெரிந்த ஒருவரையும், முட்டை எடுக்கும் மேசையில் படுத்து எழுந்த பெண் ஒருவரையும் சேருங்கள். அது நானாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. அனுப்பப்படும் பிரதிகளுக்கு எத்தனை நாளில் பதில் தருவீர்கள் என்று சொல்லி, அதன்படி பதில் தாருங்கள்.

என் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்புங்கள். பென்சில் குறிப்புகளை அழிக்காமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் ஓர் எம்ப்ரியாலஜிஸ்ட்